டிரெஸ்டன் நொய்மார்க்ட்: இடிந்ததைப் பழையபடியே கட்டியது சரியா?

கல்தச்சன்:
ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள நொய்மார்க்ட் சதுக்கத்தைப் பார்த்து "எத்தனை நூற்றாண்டுப் பழமை" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அந்த வீடுகளில் பெரும்பாலானவை இந்த நூற்றாண்டில் எழும்பியவை. முகப்புதான் பரோக் என்ற பழைய கட்டடப் பாணி, உள்ளே கான்கிரீட். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் எரிந்த இடம் அது. சுமார் 25,000 பேர் செத்த ஊரில், எதுவுமே நடக்காதது போல முகப்பு வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மேகலா:
வீடுகளைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதே சதுக்கத்தில் உள்ள ஃபிராவன்கிர்ஷே தேவாலயத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிட்டப் போய்ச் சுவரைப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் புதுக் கல்லுக்கு நடுவே அங்கங்கே கரிக்கட்டை போலக் கறுப்புக் கல். இடிபாட்டில் பொறுக்கி எடுத்து, எந்தக் கல் எங்கே இருந்தது என்று தேடிப் பொருத்தியவை. எரிந்ததை மறைக்க நினைப்பவன் அப்படிக் கட்டுவானா?

கல்தச்சன்:
கிட்டத்தட்ட 50 ஆண்டு அந்தக் கற்குவியலே நினைவுச்சின்னமாகக் கிடந்தது. 1982இல் கிழக்கு ஜெர்மனி இளைஞர்கள் அங்கேதான் மெழுகுவத்தி ஏற்றி அமைதிக்காகக் கூடினார்கள். இன்று அங்கே காபி குடிக்கிறோம்.

ஆற்றங்கரை:
சதுக்கம் என்றால் ஜனம் உட்காரத்தானே? சந்தை கூடிய இடம் அது. எல்பே ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் அந்தத் தேவாலயக் குவிமாடம் இல்லாமல் ஊரே மொட்டையாகத் தெரிந்திருக்கும். செலவு சுமார் 18 கோடி யூரோ, பாதிக்கு மேல் நன்கொடை. உச்சியில் இருக்கும் பொற்சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் அப்பா, அன்று குண்டு போட வந்த விமானிகளில் ஒருவர். குவியலாகவே விட்டிருந்தால் அந்தச் சிலுவைக்கு இடம் ஏது?

கல்தச்சன்:
சிலுவைக் கதை எனக்கும் நெஞ்சைத் தொட்டதுதான். ஆனால் எல்பே மணற்கல்லில் இரும்பு இருக்கிறது. நாளாக நாளாகத் தானே கறுக்கும். புதுக் கல்லும் கறுத்துப் பழசோடு கலந்துவிடும். மேகலா, அப்புறம் எந்தக் கல் எரிந்தது என்று யார் கண்டுபிடிப்பார்?

மேகலா:
கல் ஒன்றுபோல ஆனாலும் சாட்சி போய்விடாது. வெளியே சதுக்கத்திலேயே பழைய குவிமாடத்தின் உடைந்த பெரிய துண்டு ஒன்றைப் பொருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனால், முதலில் அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள்.