கலிஃபோர்னியா சிட்டி கவுன்சில் தேர்தல்: பிரசார போர்டு எங்கே வைக்கலாம்?

கேள்வி: நண்பர் நவம்பரில் சிட்டி கவுன்சிலுக்கு நிற்கிறார். வீட்டு முற்றத்தில் நடும் சின்ன போர்டுகள், ஹைவே ஓரம் சில பெரிய போர்டுகள் வைக்க எண்ணம். அச்சுக்குக் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

பதில் 1: போர்டு அப்புறம். நன்கொடை கேட்பதற்கு முன்பே படிவம் 501 (போட்டியிடும் எண்ணத்தை அறிவிப்பது) சிட்டி கிளர்க்கிடம் (நகரத்தின் தேர்தல் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரி) போயிருக்கணும். வசூல் 2,000 டாலரைத் தொட்டால் 10 நாளுக்குள் படிவம் 410 (பிரசாரக் குழுவைப் பதிவது). வேட்புமனுவுக்குப் பொதுவாக 20 முதல் 30 வாக்காளர் கையெழுத்து. முப்பதும் வாங்கிடுங்க, முகவரி வாக்காளர் பதிவோடு ஒத்துப்போகாதவை தள்ளுபடியாகும்.

பதில் 2: ஹைவேயிலிருந்து தெரியும் போர்டுக்கு மாநில விதி: 32 சதுர அடிக்குள், அதாவது 4க்கு 8 ப்ளைவுட் ஒன்று. தேர்தலுக்கு 90 நாளுக்கு முன்னால் வைக்கக் கூடாது, முடிந்து 10 நாளுக்குள் எடுத்துடணும். யார் அகற்றுவார் என்ற பொறுப்புப் படிவம் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸுக்குப் போகணும். எடுக்காவிட்டால் அவங்களே பிடுங்கி, செலவை அந்தப் பெயருக்கு அனுப்புவாங்க.

ஊருக்குள் பலரும் மாட்டிக்கொள்வது நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள புல்பட்டையில்தான். வீட்டுக்காரர்தான் தண்ணி ஊற்றுவார், ஆனா பெரும்பாலும் அது நகரத்தின் பாதை உரிமைக்குள் (சாலைக்கென ஒதுக்கிய நிலம்) வரும். அவர் அனுமதி அங்கே செல்லாது. மின்கம்பம், மீடியன் (சாலை நடுத்திட்டு) பக்கமே போகாதீங்க. தெருமுனையில் உயர வரம்பு ஊருக்கு ஊர் மாறும், கிளர்க்கிடம் எழுத்தில் கேளுங்க.

பதில் 3: அச்சில் ஒன்று: 18க்கு 24 அங்குலம், 4 மிமீ கோரோபிளாஸ்ட்டில் (உள்ளே வரிவரியாகக் குழாய் ஓடும் பிளாஸ்டிக் அட்டை) உள்குழாய் மேலிருந்து கீழாக ஓடணும். குறுக்கே ஓடினால் போர்டைத் தரையில் நடும் எச் வடிவக் கம்பி ஏறாது, மொத்த ஆர்டரும் வீண்.