மறு: ‘புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்’ – தமிழில் ‘அடுக்கேற்றம்’ எனலாமா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம். எந்த பிரௌசரிலும் வேலை செய்யும் எளிய பக்கத்தை முதலில் கட்டி, கூடுதல் வசதிகளை அதன்மேல் சேர்க்கும் இணையதள முறைதான் ‘புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட்’. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்; வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> ‘படிப்படியான மேம்பாடு’ என்றே வைத்துவிடலாமே. கேட்டவுடன் புரிகிறது.

ஐயா, கேட்டவுடன் புரிகிறது, ஆனால் வேறு ஏதோ புரிகிறது. படிப்படியாக என்றாலே நமக்கு முதலில் காலம்தான் மனதில் வரும்: இன்று ஒரு படி, அடுத்த மாதம் இன்னொரு படி. தளம் கட்டித் தரச் சொல்லி வருபவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், “முதல் கட்டத்தில் என்னென்ன வரும், மீதி எப்போது?” என்பார். என்னிடம் ஒரு வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்டார். அரைகுறையாக ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு மறுபடி பணம் கேட்கப்போகிறோம் என்று அவருக்குச் சந்தேகம். அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லே அவரை அந்தப் பக்கம் அழைத்துப் போகிறது.

‘மேம்பாடு’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழகத்தில் டெவலப்மென்ட்டுக்கே பலர் அதைத்தான் எழுதுகிறார்கள், இலங்கையில் அபிவிருத்தி. ‘இணைய மேம்பாட்டில் படிப்படியான மேம்பாடு’ என்று ஒரு பாடத்தலைப்பு வந்தால் மாணவர் பாவம். நேற்று வந்த ‘முற்போக்கு மேம்பாடு’ பற்றி அதிகம் பேச வேண்டாம் என்று நினைக்கிறேன். முற்போக்குக்குத் தமிழில் அரசியலிலும் இலக்கியத்திலும் வேரோடிய பொருள் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

சரி, பொருளுக்கு வருவோம். 2003 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் மாநாட்டில் ஸ்டீவன் சாம்பியோனும் நிக் ஃபிங்கும் இந்தப் பெயரை முன்வைத்தார்கள். அதுவரை வழக்கில் இருந்தது ‘கிரேஸ்ஃபுல் டிக்ரடேஷன்’. அதாவது, புத்தம்புது பிரௌசருக்கு முழுப் பக்கத்தையும் கட்டிவிட்டு, பழையதில் எங்கே உடைகிறதோ அங்கே ஒட்டுப்போடுவது. இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். உள்ளடக்கம் முதலில் பக்கத்தின் எழுத்தையும் அமைப்பையும் குறிக்கும் மொழியான எச்டிஎம்எல்லில் நன்றாக நிற்க வேண்டும். எதில் திறந்தாலும் படிக்க முடிய வேண்டும், இணைப்புகள் போக வேண்டும், படிவத்தை அனுப்ப முடிய வேண்டும். அதன்மேல் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ். அதற்கும் மேல் பக்கத்தை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட். மேலே இருப்பது வந்து சேராவிட்டாலும் கீழே இருப்பது தன் காலில் நிற்கும். வாசலில் போடும் வெள்ளைக் கோலம் அந்த அளவிலேயே முழுக் கோலம்தான். வண்ணப்பொடி இருந்தால் மேலே சேர்க்கிறோம், இல்லாத நாளில் கோலம் குறைப்படுவதில்லை.

இந்த முறை நடைமுறையில் பலிப்பதற்கு அந்த மொழிகளின் அமைப்பே காரணம். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் தமக்குத் தெரியாததைத் தாண்டிப் போய்விடும். தேதிக்கென்று இருக்கும் உள்ளீட்டு வகை ஒரு பிரௌசருக்குத் தெரியாவிட்டால் சாதாரண எழுத்துப்பெட்டியாகக் காட்டும். வீடியோவைக் காட்டச் சொல்லும் எச்டிஎம்எல் குறியான வீடியோ டேக் தெரியாத பிரௌசர், அதற்குள் நாம் எழுதி வைத்த தரவிறக்க இணைப்பைக் காட்டும். சிஎஸ்எஸ்ஸில் புரியாத வரி வந்தால் அந்த வரியை மட்டும் விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்தப் பொறுமை கிடையாது. புரியாத இலக்கணம் ஓரிடத்தில் இருந்தாலும் அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. ஆகவே எதை எதன்மேல் வைக்கிறோம் என்ற வரிசைதான் இங்கே எல்லாம்.

> இந்தக் காலத்தில் யார் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்து வைக்கிறார்கள்?

மிகச் சிலர்தான். ஆனால் ஓடாமல் போவதற்கு அணைத்து வைப்பது மட்டுமே காரணம் இல்லை. பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் தன் தளத்தில் அளந்து பார்த்தது. வந்தவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் சேர்க்கும் வசதிகள் போய்ச் சேரவில்லை. அதை அணைத்து வைத்தவர்களும் ஆதரவில்லாத பிரௌசர் வைத்திருந்தவர்களும் 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினரின் பிரௌசர் நன்றாகவே இருந்தது. ஆனாலும் ஏதோ காரணத்தால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடவில்லை. பாதி வழியில் அறுந்த இணைப்பு, அலுவலக ஃபயர்வால், குறுக்கிட்ட பிரௌசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), இப்படி எதுவும் இருக்கலாம். ரயிலில் போகும்போது சிக்னல் விட்டுவிட்டு வருகிற கைபேசியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் நாம் எல்லோருமே அந்தப் பட்டியலில் இருக்கிறோம்.

தமிழ் இணையத்தில் நெடுநாள் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவும் குறியாக்கமும் வைத்திருந்தது. எழுத்துரு இறங்கவில்லையென்றால் திரையில் தெரிந்தது தமிழே இல்லை; மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான். மேலே இருக்க வேண்டிய அலங்காரத்தை அடியில் வைத்துக் கட்டியிருந்தோம். எல்லோருக்கும் பொதுவான குறியாக்கமான ஒருங்குறி (யூனிகோட்) அதை மாற்றியது. எழுத்து அடியில், எழுத்துரு அதன்மேல். இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததை இப்போது பல தளங்கள் வேறு வழியில் மறுபடி கெடுப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தளத்திலிருந்து இறங்க வேண்டிய எழுத்துரு (வெப் ஃபான்ட்) வந்து சேரும்வரை பல பிரௌசர்கள் 3 நொடி வரை எழுத்தைக் காட்டாமல் வைத்திருக்கும். சிஎஸ்எஸ்ஸில் ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்’ என்று ஒரு வரி எழுதினால் போதும், கைபேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவில் காட்டிவிட்டு, புதியது வந்தவுடன் மாற்றிக்கொள்ளும். நாம் பெயர் தேடும் முறை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இனி என் பரிந்துரை: அடுக்கேற்றம்.

‘அடுக்கு’ என்றதுமே கீழே ஒன்று இருக்கிறது, மேலே இருப்பதை அது தாங்குகிறது என்று தெரிந்துவிடும். காலக்கணக்கு உள்ளே வராது. ‘ஏற்றம்’ மேலே வைப்பதையும் சொல்லும், தரம் உயர்வதையும் சொல்லும். பதிவேற்றத்தால் காதுக்கும் பழகிய சொல். வினையாகவும் வரும்: இந்தப் பக்கத்தை அடுக்கேற்றிக் கட்டு, இது அடுக்கேற்றிய படிவம். ஒரு சொல்லுக்கு வினைவடிவம் அமையாவிட்டால் அது அகராதியில் இருக்கும், வேலை செய்யும் இடத்துக்கு வராது.

‘அடுக்கு’ ஏற்கெனவே ஸ்டாக்குக்கும் லேயருக்கும் ஓடுகிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அவற்றோடு ‘ஏற்றம்’ சேர்ந்து வருவதில்லை, அதனால் மயக்கம் வராது என்றே கருதுகிறேன். ‘அடிமுதல் மேம்படுத்தல்’ என்று ஒரு நண்பர் எழுதியது பொருளில் மிகச் சரி. விளக்கத்தில் அதைக் கட்டாயம் பயன்படுத்தலாம். நாள்தோறும் புழங்க மட்டும் நீளம் என்பது என் எண்ணம்.

இணைச்சொல்லும் வேண்டும். கிரேஸ்ஃபுல் டிக்ரடேஷனுக்கு ‘நயமான தரமிறக்கம்’ என்று வந்திருக்கிறது. தரமிறக்கம் தண்டனைபோல ஒலிக்கிறது. வலைக்கு முன்பே பொறியியலில் இருந்த கருத்து இது: ஒரு பாகம் பழுதானாலும் முழு இயந்திரமும் நிற்காமல் வேகம் குறைத்து ஓடும். அதற்குத் தணிந்தியக்கம் எனலாம்.

இந்த இரண்டும் நல்ல சொற்களாக அமைய வேண்டும் என்று நான் இவ்வளவு நச்சரிப்பதற்குக் காரணம் பணி ஒப்பந்தங்கள். ‘எல்லா பிரௌசரிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்’ என்ற வரியை எத்தனை ஒப்பந்தங்களில் பார்க்கிறோம்! அந்த வரியில் கையெழுத்திட்ட நிரலாளர், கடைசி வாரம் முழுவதும் பழைய கைபேசியில் ஒரு நிழலையும் வளைந்த மூலையையும் கொண்டுவரப் போராடுவார். அதே கைபேசியில் ‘அனுப்பு’ பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. வடிவமைப்பாளரும் படத்தை அனுப்பும்போது எல்லாம் சரியாக வந்து சேர்ந்த நிலையை மட்டும்தான் வரைகிறார். தொடக்கத்திலேயே வாடிக்கையாளர், வடிவமைப்பாளர், நிரலாளர் மூவரும் உட்கார்ந்து “இந்தப் பக்கத்தின் அடித்தளம் எது?” என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை வராது. வரி கட்டும் பக்கமென்றால் பாக்கித் தொகை தெரிவதும் கட்ட முடிவதும் அடித்தளம். பேருந்து நேரப் பக்கமென்றால் அட்டவணை அடித்தளம், வரைபடம் மேலடுக்கு.

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம் வைத்துப் பார்க்கலாம்:

“இத்தளம் அடுக்கேற்ற முறையில் கட்டப்படும். பின்னிணைப்பில் குறித்துள்ள அடித்தளப் பணிகள் ஜாவாஸ்கிரிப்ட் இயங்காதபோதும் முழுமையாக நடைபெறும். தோற்றம் பிரௌசருக்குப் பிரௌசர் மாறலாம்.”

சோதிப்பதும் எளிது. பிரௌசரின் டெவலப்பர் கருவியில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்து, இணைய வேகத்தைக் குறைத்துவிட்டு, அந்தப் பணிகளை ஒருமுறை வாடிக்கையாளர் முன்னிலையிலேயே செய்து காட்ட வேண்டும்.

அப்புறம், ஒன்று வேலை செய்யாதபோது அதன் இடத்தில் கைகொடுக்கும் ஏற்பாடான ஃபால்பேக்குக்குப் பெயர் இன்னும் பாக்கி இருக்கிறது. ‘மாற்று’ எதற்கும் பொருந்துகிற அளவுக்குப் பொதுவான சொல், ‘பதிலி’யை ப்ராக்ஸிக்கு (நம் சார்பில் இடையில் நிற்கும் சர்வருக்கு) கொடுத்துவிட்டோம். ‘கைத்தாங்கல்’ சரிப்படுமா? ‘வீடியோ டேக்குக்குக் கைத்தாங்கலாக ஓர் இணைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு ஒட்டுகிறது. இலங்கை நண்பர்களின் காதுக்கு எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

அன்புடன்