மில் பங்கும் கோயில் பொறுப்பும்: நெல்லைப் பக்கத்துக் கோர்ட் அனுபவங்கள்

ரைஸ்மில் வாரிசு, வீரவநல்லூர்:

கூட்டு வியாபாரம், டிரஸ்ட், கோயில் பொறுப்பு என்று வழக்கில் அலைந்தவர்கள் எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

அப்பாவும் கூட்டாளிகள் இரண்டு பேரும் நடத்திய ரைஸ்மில். ஃபார்ம் (கூட்டு நிறுவனம்) முறையாகப் பதிவானதுதான். அப்பா காலமானதும் அவர் இடத்தில் என்னைச் சேர்த்து ஆடிட்டர் ஆபீஸில் புதுப் பத்திரம் எழுதினார்கள். பேங்க், ஜிஎஸ்டி எல்லாவற்றிலும் என் பெயர் ஏறியது. கேரளா வியாபாரி ஒருவர் அரிசி எடுத்துவிட்டுப் பாக்கி வைத்தார். பாளையங்கோட்டை கோர்ட்டில் வழக்குப் போட்டோம்.

பாக்கி இல்லை என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “புதுப் பங்குதாரர் பெயர் ஃபார்ம் பதிவேட்டில் இல்லை. கூட்டாண்மைச் சட்டம் 69(2)-இன்படி வழக்கே நிற்காது” என்றார் அவருடைய வக்கீல். கையோடு 1989-ஆம் வருஷத்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று, ஸ்ரீராம் ஃபைனான்ஸ் கேஸ். வழக்குப் போடுகிற நாளில் பங்குதாரர்களாக இருப்பவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டுமாம். ஊருக்கே தெரியும் நான் யார் மகன் என்று. கோர்ட்டுக்கு அது போதவில்லை. தள்ளுபடி.

பழைய குமாஸ்தா, பாளை:

அண்ணாச்சி, இந்தக் கூத்தை நிறையப் பார்த்தாச்சு. 1932-ஆம் வருஷச் சட்டம் பதிவைக் கட்டாயம் ஆக்கவில்லை, பதியாதவனுக்கு அபராதமும் இல்லை. அதனால் எல்லோரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். வெளி ஆளிடம் ஒப்பந்தப் பாக்கி கேட்டுப் போகும்போதுதான் கதவு சாத்துகிறது. ஃபார்மைக் கலைக்கச் சொல்லியோ, கலைந்த ஃபார்மின் கணக்குக் கேட்டோ போடும் வழக்குக்கு இந்தத் தடை கிடையாது.

மூன்று பேர் இருந்ததால் உங்கள் மில் பிழைத்தது. இரண்டே பேர் உள்ள ஃபார்மில் ஒருவர் இறந்தால், ‘வாரிசோடு தொடரும்’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அது கலைந்த ஃபார்ம்தான். அப்புறம் வாரிசோடு நடப்பது வேறு ஃபார்ம்.

கல்லிடைக்குறிச்சிப் பொண்ணு:

எங்களுடையது கோயில் வழக்கு. பெரியப்பா வரைக்கும் எங்கள் வீட்டில்தான் அறங்காவலர் பொறுப்பு. அவர் போனதும் ஊரில் ஒரு தரப்பு, “பரம்பரை உரிமை எல்லாம் கிடையாது, இது பொதுக் கோயில்” என்று கிளம்பியது. கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸில் முதலில் யார் பெயர், பரிவட்டம் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. உண்மையில் யாருக்கும் கணக்கு நோட்டைப் பற்றிக் கவலையே இல்லை!

அப்பாவின் வக்கீல் நேராக முன்சீப் கோர்ட்டில் உரிமை அறிவிப்புக் கேட்டு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு 1959-ஆம் வருஷத்து அறநிலையத் துறைச் சட்டத்தில், இப்படி நேராக சிவில் கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்கும் 108-ஆவது பிரிவைக் காட்டியது. பரம்பரை அறங்காவலரா இல்லையா என்பதை முதலில் 63(பி)-யின் கீழ் இணை ஆணையர்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு மேல் அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவில் ஆணையரிடம் மேல்முறையீடு. அதற்கும் பிறகுதான் 70-இன் கீழ் சிவில் கோர்ட். எல்லாம் திரும்ப முதலிலிருந்து. நடுவில் கோயிலை நிர்வகிக்கத் துறை நியமித்த தக்கார் வந்தார். அந்த வருஷக் கொடையில் பரிவட்டம் அவருக்குக் கட்டினார்கள். இரண்டு தரப்பும் வேடிக்கை பார்த்தோம்.

குமாஸ்தா அண்ணாச்சி, எங்கள் தெருவில் ஒரு தர்ம சத்திர டிரஸ்டிலும் இதே தகராறு. அதற்கும் இணை ஆணையர்தானா?

பழைய குமாஸ்தா, பாளை:

சத்திரம் கோயிலோடு சேர்ந்ததா, அறநிலையத் துறைச் சட்டத்துக்குள் வருகிறதா என்று முதலில் பத்திரத்தைப் பாரும்மா. வராத பொது டிரஸ்ட் என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு. டிரஸ்டியை நீக்க, புது டிரஸ்டி போட, கணக்குக் கேட்க அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, கோர்ட் அனுமதி வாங்கித்தான் வழக்குப் போட முடியும். தனி ஆளாக வந்து மனுவைத் திருப்பி வாங்கிப் போனவர்கள் உண்டு. ஆனால் “நான் முறைப்படி நியமிக்கப்பட்ட டிரஸ்டி, என்னை உள்ளே விடவில்லை” என்று தன் சொந்த உரிமைக்காக ஒருவர் வந்தால் 92 தேவைப்படாது. கேட்கிற நிவாரணத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில் பாதி வழக்கு இருக்கிறது. டைப் அடித்துக் கொடுத்தவன் சொல்கிறேன்.

ரைஸ்மில் வாரிசு, வீரவநல்லூர்:

எங்கள் மில் விஷயம் இன்னும் முடியவில்லை. பதிவேட்டில் என் பெயரை ஏற்றி, பதிவேட்டு நகலோடு புது வழக்குப் போட்டிருக்கிறோம். வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு தாண்டியிருக்கும். ஆனால் கெடு முடிவதற்கு முன்பே, பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு அந்த வியாபாரி கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று பழைய ஃபைலில் கிடைத்தது. அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடுமாம். இப்போது அந்தக் கையெழுத்தே தன்னுடையது இல்லை என்கிறார்.