காட்சிப்பொருள் வந்த வழியை விளக்கப் பலகையில் எழுத வேண்டுமா?

கல்வெட்டுப்பித்தன்: இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் பித்தளைச் சிற்பத் தகடுகள் எந்த நாட்டின் அருங்காட்சியகத்தில் இருந்தாலும், 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரைக் கைப்பற்றியபோது அரண்மனையிலிருந்து அள்ளிச் செல்லப்பட்டவை அவை என்ற செய்தி, பொருளின் பெயருக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. ‘பித்தளை, 16-17ஆம் நூற்றாண்டு, மேற்கு ஆப்பிரிக்கா’ என்று மட்டும் எழுதுவது பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதாகும்.

தூரிகை: வரலாற்றை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால், பலகை நீள நீள, பார்வையாளர் அதைப் படித்து முடித்ததையே பொருளைப் பார்த்து முடித்ததாகக் கொண்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுகிறார். தகட்டின் பின்புலம் முழுவதும் கீறப்பட்டிருக்கும் இலை வடிவங்களும், தகட்டில் வடிக்கப்பட்டுள்ள போர்ச்சுக்கீசியரின் நீண்ட முடியையும் தாடியையும் அந்த வார்ப்புக் கலைஞர் உற்றுநோக்கியிருக்கும் நுட்பமும் அவர் கண்ணில் படுவதே இல்லை. எழுத்து இல்லாமலே வரலாற்றைச் சொல்ல முடியும். ஏதென்சில் 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், பார்த்தினான் என்ற பழங்காலக் கோயிலின் சிற்ப வரிசையிலுள்ள பழுப்பேறிய மூலக் கற்களுக்கு நடுவே, லண்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்டு அங்கேயே இருக்கும் பகுதிகளுக்குப் பதிலாக வெள்ளைச் சுதை வார்ப்புகளை வைத்திருக்கிறார்கள். அந்த வெண்மையைவிடவா ஒரு பலகை உரக்கப் பேசிவிடும்?

கல்வெட்டுப்பித்தன்: கதை தெரிந்தவருக்குத்தான் அந்த வெண்மை பேசும், தெரியாதவர், பழுதுபார்த்த இடம் போலிருக்கிறது என்று கடந்துவிடுவார். தாங்கள் புகழ்ந்த பெனின் தகடுகளின் ஓரங்களில் சிறு துளைகள் உள்ளனவே, அவை அரண்மனைத் தூண்களில் ஆணியடித்துப் பொருத்தியதன் தடயங்கள். துளையைக் கண் பார்த்துக்கொள்ளும். தகடு தூணைவிட்டுப் பிரிந்த கதையை யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்?

தூரிகை: துளைகளைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன், அவற்றை நான் வெறும் சேதமென்றே நினைத்திருந்தேன். ஒரே ஒரு வரி என்றால் எனக்கு மறுப்பில்லை.

வழிப்போக்கன்: அந்த ஒரு வரியில் எந்தச் சொல்லை இடுவீர்கள்? பிரிட்டிஷார் அந்த நிகழ்வுக்கு இட்ட பெயர் ‘தண்டனைப் படையெடுப்பு’. அதையே பலகையில் ஏற்றினால், தண்டிக்கத்தக்க குற்றம் பெனின் அரசுடையது என்று பலகையே தீர்ப்பு எழுதிவிடும். அதற்கு முந்தைய மாதம் பிரிட்டிஷ் குழுவினர் கொல்லப்பட்டதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. போதாததற்கு, 2022இல் ஜெர்மனி தன்னிடமிருந்த பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்த பிறகும், அவற்றுள் ஒரு பகுதி கடனாக பெர்லினிலேயே காட்சியில் இருக்கிறது. எனவே இன்றைய உரிமையாளர் யார் என்பதையும் எழுத வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன்: ‘1897 ஜனவரியில் பிரிட்டிஷ் குழு ஒன்று கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, அடுத்த மாதம் பெனின் நகரைத் தாக்கிய பிரிட்டிஷ் படை அரண்மனையிலிருந்து கொள்ளையிட்டது, 2022இல் உரிமை நைஜீரியாவுக்கு மாற்றப்பட்டது, கடனாகக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதலாமே.

தூரிகை: ஒரு வரிக்குத்தான் சம்மதித்தேன். இப்போதே மூன்று வரி ஆகிவிட்டது. தகடு பித்தளை என்பதையே இன்னும் எழுதவில்லை.