அகம் குழுவின் இரண்டாவது ஆல்பம்: கீர்த்தனை நின்றதா, கிதார் விழுங்கியதா?

தக்கலைவாசி:
கர்நாடக இசையை ராக்கோடு கலக்கும் பெங்களூரு அகம் குழுவின் முதல் ஆல்பம் 2012இல் வந்தபோது, அதிலிருந்த, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய தனாஸ்ரீ ராகத் தில்லானாவை நாள் முழுக்கக் கேட்டவன் நான். 2017இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என்னை அப்படி இழுக்கவில்லை. தில்லானாவுக்கு ஜதி என்கிற தாளச் சொற்கட்டுதான் உயிர். டிரம்ஸ் அதோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் இருக்கும் முத்துசாமி தீட்சிதரின் 'ரங்கபுர விஹார' அப்படிப்பட்டதா? பிருந்தாவன சாரங்கா ராகத்தில் ஆற அமர நடக்கிற கீர்த்தனை. அதன்மேல் கிதார் முழக்கத்தை ஏற்றினால் சுரங்களை அசைத்து இழைக்கும் கமகம் எப்படிக் காதில் விழும்? நவராத்திரிதோறும் எங்கள் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறாள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதியின் கீர்த்தனைகள், கைதட்டக்கூடக் கூடாது. அந்த அமைதியில் பழகிய காது என்னுடையது.

குளச்சல் கிதார்:
அண்ணாச்சி, அந்த அமைதியை மதிக்கிறேன். ஆனால் ஒரு பாட்டை வைத்து ஆல்பத்தையே தள்ளிவிட்டீர்கள். அதே ஆல்பத்தின் 'மிஸ்ட் ஆஃப் காப்ரிகார்ன்' தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா' அல்லவா? ராகம் நளினகாந்தி. ஆரோகணத்தில், அதாவது சுரங்கள் ஏறும் வரிசையில், ச-க-ரி-ம என்று வளைந்துதான் ஏற வேண்டும். கிதாரில் வேகமாக வாசித்துப் பாருங்கள், விரல் ச-ரி-க என்று நேராக ஓடத் துடிக்கும். அந்த வளைவு கைக்குள் வர எனக்கு மூன்று மாதம் ஆனது. எங்கள் வீட்டில் யாரும் கச்சேரிக்குப் போனதில்லை. சர்ச் பாடகர் குழுதான் எனக்குத் தெரிந்த சங்கீதம். தியாகராஜர் என் அறைக்குள் வந்தது இந்த ஆல்பத்தின் வழியாகத்தான்.

ஆரல் காற்று:
எனக்கு முதல் ஆல்பமே போதும். இரண்டாவதில் ஒலிப்பதிவு சுத்தம், துடிப்பு குறைவு.

வடிவீஸ்வரம் பாட்டு டீச்சர்:
குளச்சல் தம்பி, உங்கள் மூன்று மாதத்தைக் கேட்டு மகிழ்ந்தேன். என்னிடம் பாட்டு கற்க வரும் பிள்ளைகளில் சிலரும் இப்படித்தான் வருகிறார்கள். ஆனாலும் தக்கலைக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாட்டின் அழகை அவர் கமகத்தில் தேடுகிறார், நான் நடையில் தேடுகிறேன். 'ரங்கபுர விஹார'வின் அனுபல்லவியில், அதாவது பல்லவியை அடுத்த பகுதியில், மத்யமகால வரிகள் வரும். அதுவரை நிதானமாக நடந்த சொற்கள் திடீரென்று இரட்டிப்பு வேகத்தில் உருளும். அந்தத் திருப்பம்தான் தீட்சிதர் வைத்த அழகு. முன்னாலேயே டிரம்ஸ் வேகத்தைக் காட்டிவிட்டால், திருப்பம் வரும்போது மனம் துள்ளாது. குரலைக் குறை சொல்ல மாட்டேன். ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் உருகித்தான் பாடுகிறார்.

குளச்சல் கிதார்:
டீச்சர், இது எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அந்த இடத்தை மட்டும் நான்கு முறை கேட்டேன். மத்யமகாலம் வருவது தெரிகிறது, ஆனால் நீங்கள் சொல்லும் துள்ளல் எனக்குக் கிடைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். கிதாரே வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தக்கலைவாசி:
கிதார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி, அடங்கி நிற்கட்டும் என்கிறேன். நளினகாந்தியை இன்று இரவு ஹெட்போனில் மறுபடி கேட்கிறேன். அந்த ச-க-ரி-ம வளைவு கிதாரில் எங்கே தெளிவாக விழுகிறது என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்.