பிழம்புக்கும் கொரோனாவுக்கும் நடுவில்: சொல் தேவை, அவசரம்

வணக்கம். சூரிய இயற்பியல் பாடக்குறிப்பு ஒன்றைத் திங்களுக்குள் முடித்துத் தரவேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். சூரியப் பிழம்பின் (prominence, கொரோனாவில் மிதக்கும் குளிர்ந்த வாயுத்திரள்) உட்புறம் ஏறத்தாழ 8,000 கெல்வின், சூழ்ந்திருக்கும் கொரோனாவோ (சூரியனின் வெளி வளிமண்டலம்) 10 லட்சத்துக்கும் மேல். நடுவில் வெப்பநிலை மளமளவென்று ஏறும் மெல்லிய அடுக்குக்குத் தமிழ் என்ன? இப்போதைக்கு ‘இடைநிலைப் பகுதி’ என்று போட்டிருக்கிறேன்.

—

இடைநிலை வேண்டாம் அம்மா. இடைநிலைத் தனிமங்கள் என்று வேதியியல் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, நடுவில் ஏதோ ஒரு நிலை நிற்பதுபோலத் தொனிக்கிறது. ‘மாறுபகுதி’ என்க. வினைத்தொகை, முக்காலமும் அடக்கம். (ஒற்று மிகாது. மாறுப்பகுதி என்று அச்சடித்தால் நான் பொறுப்பல்ல.)

—

‘இடைகழி’ இருக்கும்போது எதற்குப் புதுச்சொல்? வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவிலுள்ள நடை, உள்ளும் அல்ல, வெளியும் அல்ல. முதலாழ்வார் மூவரும் நெருக்கியடித்து நின்ற இடம், ஆக ஒடுக்கம் என்ற பொருளும் வந்துவிடுகிறது. கழிமுகத்தையும் பாருங்கள், அங்கேயும் இரண்டு நீர் கலக்கின்றன. அப்புறம், அதே பொருளில் மகுடம் இருக்கக் கொரோனா என்று எழுதுவானேன்?

—

மகுடம் என்றால் மாணவர் அரசரைத் தேடுவார், கொரோனாவே இருக்கட்டும். இடைகழி அழகுதான் ஐயா, ஆனால் பொருந்தாது. பிழம்பு ஒரே கட்டி அல்ல, காந்தப்புலக் கோடுகளை ஒட்டிய மெல்லிய இழைகளின் கற்றை. ஒவ்வோர் இழையையும் இந்த அடுக்கு போர்த்தியிருக்கிறது. கோட்டின் வழியே எலக்ட்ரான்கள் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்துவதால் அந்தத் திசையில் அடுக்கு நீளம். குறுக்கே கடத்தல் அநேகமாக முடங்கிப்போவதால் பக்கவாட்டில் மிக ஒல்லி. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளியில் குளிர்ந்த உட்புறம் தெரியும், ஹீலியத்தின் 30.4இல் தெரிவது பெரும்பாலும் மேலே போர்த்தியதுதான். எனவே ‘மாறுறை’.

—

மாறுறையா? எதையோ மாற்றி மாட்டுகிற உறை என்றல்லவா படிப்பார்கள்! எனக்குப் பிழம்பு என்பதிலேயே உடன்பாடில்லை. தீப்பிழம்பு என்று கேட்டுப் பழகிய காது, அக்கம்பக்கத்தைவிட நூறு மடங்கு குளிர்ந்த ஒன்றைக் கொதிப்பானது என்றுதான் நினைக்கும். சூரிய முகில் எனலாமே?

—

முகிலை அடுத்த பதிப்பில் பார்ப்போம், படங்களிலெல்லாம் பிழம்பு என்று அச்சாகிவிட்டது. வேறு யாரும் பலமாக மறுக்காததால் ‘பிழம்பு–கொரோனா மாறுபகுதி’ என்றே அனுப்புகிறேன். நன்றி.

—

அனுப்புங்கள். அடைப்புக்குறிக்குள்ளாவது ‘உறை’ என்று ஒரு சொல் சேர்க்க முடியுமா?