பல்கலைக்கழகக் கட்டடங்களின் பழைய பெயரை மாற்றுவதில் எல்லைக் கோடு எங்கே போடுவது?

நூலகப்பூனை:
டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2023-இல் தன் பெர்க்லி நூலகத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டது. தத்துவவாதி ஜார்ஜ் பெர்க்லி அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இருந்தபோது அடிமைகளை விலைக்கு வாங்கிப் பண்ணையில் வைத்திருந்தார் என்பதுதான் காரணம். அவருடைய தத்துவம் பாடத்தில் இருக்கட்டும், அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் 300 வருஷத்துக்கு முந்தைய ஆள் யாரைத் தோண்டினாலும் ஏதாவது வரத்தானே செய்யும்? அப்படிப் பார்த்தால் எந்தப் பெயர் மிஞ்சும்?

கடைசிபெஞ்ச்:
'யாரைத் தோண்டினாலும்' என்று எல்லாரையும் ஒரே தராசில் வைப்பதுதான் சிக்கல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2016-இல் இதற்கென்றே ஒரு குழு போட்டது. அதன்படி, பெயருக்குரிய மனிதர் முதன்மையாக எதற்காக நினைக்கப்படுகிறார், அவர் காலத்திலேயே அதற்கு எதிர்ப்பு இருந்ததா, பெயர் வைத்தவர்கள் எதை மனதில் வைத்து வைத்தார்கள் என்பவைதான் முக்கியமான கேள்விகள். ஜார்ஜ் வாஷிங்டனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான், ஆனால் அவரை நினைப்பது அதற்காக அல்ல. அமெரிக்க அரசியல்வாதி ஜான் கல்ஹூன் அப்படியில்லை, அடிமைமுறை நல்லதுதான் என்று 1837-இல் செனட்டில் எழுந்து பேசியவர், அவருடைய அரசியலே அதுதான். 2017-இல் யேலுக்குள் இருந்த கல்ஹூன் கல்லூரி, கணினி விஞ்ஞானி கிரேஸ் ஹாப்பர் பெயருக்கு மாறியது. அங்கே சாப்பாட்டுக் கூடத்து வண்ணக் கண்ணாடி ஒன்றில் அடிமைகள் பருத்தி சுமக்கும் படம் இருந்தது. பெயர் மாறுவதற்கு முந்தைய வருஷம், அங்கே வேலை பார்த்த கறுப்பின ஊழியர் ஒருவர் துடைப்பக் கட்டையால் அதை உடைத்தார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

மோர்க்குழம்பு:
சரி, அந்தக் கல்லூரி பெயர் மாறியது. 'யேல்' என்ற பெயர்? எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னர். அந்தக் கோட்டை நிர்வாகம் அடிமைகளைக் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறது. அவர் 1718-இல் அந்தக் கல்லூரிக்கு அனுப்பிய சரக்கு மூட்டைகளும் புத்தகங்களும்தான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன. உள்ளே ஒரு கட்டடத்துக்குப் பொருந்தும் நியாயம், உலகம் முழுக்க மதிப்புள்ள பிராண்டுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை? அங்கே மட்டும் எந்தக் குழுவும் வாயைத் திறக்காது.

கடைசிபெஞ்ச்:
மறுக்க முடியாது. ஆனால் பெரியதை மாற்ற முடியவில்லை என்பதற்காகச் சின்னதையும் அப்படியே விட வேண்டுமா என்ன.

தூசிதட்டி:
எனக்கு வேறு எரிச்சல். லண்டன் யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) 2020-இல் தன் கட்டடங்களிலிருந்து விஞ்ஞானிகள் கால்ட்டன், பியர்சன் பெயர்களை எடுத்தது. 'தகுதியானவர்கள்' மட்டும் பிள்ளை பெற்றால் மனித இனம் மேம்படும் என்ற 'இனமேம்பாடு' கொள்கைக்குப் பெயர் சூட்டியவர் கால்ட்டன், அதற்கான பேராசிரியர் பதவியே அங்கே இருந்தது, அதில் இருந்தவர் பியர்சன், எடுத்தது சரிதான். பதிலுக்கு என்ன வந்தது? விரிவுரைக் கூடம் 115, வடமேற்குப் பிரிவு. புதிதாகச் சேரும் பையனுக்கு அங்கே என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்?
அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1838-இல் மேரிலாந்து ஜெசூட் பாதிரிகள் 272 அடிமைகளை விற்ற காசில் அந்தக் கல்லூரியின் கடன் அடைந்தது. விற்பனையை முன்நின்று நடத்திய மல்லெடியின் பெயர் இருந்த கட்டடத்துக்கு இப்போது ஐசக் ஹாக்கின்ஸ் பெயர். விற்கப்பட்டவர்களில், பத்திரத்தில் முதலில் எழுதப்பட்டிருந்த பெயர் அவருடையது.

நூலகப்பூனை:
இது எனக்குத் தெரியாது. டிரினிட்டியும் எண் போடவில்லை, 2024-இல் கவிஞர் ஈவன் போலண்ட் பெயரை வைத்தார்கள். அந்த வளாகத்தில் ஒரு பெண்ணின் பெயர் வைத்த முதல் கட்டடமாம். ஆனால் பெர்க்லி வாங்கியவர்களில் ஒருவர் பெயராவது அந்தச் சுவரில் எங்காவது இருக்கிறதா என்றுதான் இப்போது கேட்கத் தோன்றுகிறது.